ரீல் வாங்குமுன் கையால் சுற்றிப் பாருங்கள்

மலையகத்தின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவும் கார்ப்பும் பிடிக்க 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். பெரியதை வாங்கினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஷிமானோ 1921இல் ஜப்பானின் சாக்காய் நகரில் தொடங்கிய கம்பனி. அதற்கு மலேசியாவிலும் தொழிற்சாலை உண்டு. ஆகவே ‘மலேசியா’ என்று பொறித்திருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். டைவா ஜப்பானின் குளோப்ரைட் கம்பனியுடையது. ஒகுமா தாய்வான். பென், அபு கார்சியா இரண்டும் ஒரே அமெரிக்க நிறுவனமான பியூர் ஃபிஷிங்கின் கையில்.

பெட்டியில் ‘12 பெயாரிங்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான பத்தைவிட நல்ல நாலு மேல். கடையிலேயே கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள், நறநறவென்றால் வைத்துவிடுங்கள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. நூல் வழுக்கி ஓடும் சின்ன உருளையை விரலால் தள்ளிப் பாருங்கள்: அது சுழலாவிட்டால் நூல் அறுபடும், மீனும் போகும். முக்கியமானது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக். அதைப் பாதி இறுக்கி நூலைக் கையால் இழுங்கள். வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வரவேண்டும். பெரிய கார்ப் திமிறி ஓடும்போது நூலைக் காப்பாற்றுவது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி, ஈரத்தைத் துடைத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். நம் மலைப்பனியில் நனைந்த ரீலைப் பையிலேயே விட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும்.