பருவங்களைச் சுற்றி வரும் ரமழான்



ரமழான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒரே காலத்தில் வருவதில்லை? சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்கள், சூரிய ஆண்டுக்கு 365 நாட்கள். அதனால் ரமழான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முந்தி வருகிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி முடிக்கிறது.

இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள் புனித மாதங்களைத் தம் வசதிக்கேற்ப ஒத்திப்போட்டனர். அவ்வழக்கத்தை சூறா அத்தவ்பாவின் 37ஆம் வசனம் கண்டித்தது. நம் வசதிக்காக மாதத்தை நகர்த்த முடியாது. மாதம் வரும்போது நாமே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளையும் வட்டக்கச்சியை எடுத்துக்கொள்வோம். பெப்ரவரி, மார்ச்சில் ரமழான் வந்தால் காலபோக அறுவடைக் களைப்போடு நோன்பு. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் சோளகக் காற்றும் வெயிலும் தொண்டையை வறட்டும். டிசம்பரில் வந்தால் மாரி மழை. தாகம் குறைவு; ஆனால் ஸஹருக்கு ஈர விறகோடு அடுப்பு மூட்டும் உம்மாவுக்குப் பாடு அதிகம்.

நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே கூடிக் குறையும். லண்டனிலோ ஜூன் மாத நோன்பு 18 மணித்தியாலத்தையும் தாண்டும். அதே ஜூனில் அவுஸ்திரேலியாவில் குளிர்காலம், குறுகிய பகல். ரமழான் ஒரே பருவத்தில் நின்றிருந்தால் ஓர் ஊராருக்கு என்றும் இலேசும் இன்னோர் ஊராருக்கு என்றும் கடினமுமாகியிருக்கும். பிறை அந்தச் சுமையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அதற்கு மேலும் இயலாத நோயாளிக்கும் பயணிக்கும், வேறு நாட்களில் நோற்கும் சலுகையை சூறா அல்பகராவின் 185ஆம் வசனம் தருகிறது.

இந்தச் சுற்றுக்கு நம் வரலாற்றிலும் ஒரு சாட்சி உண்டு. 1990 மார்ச் இறுதியில் தொடங்கிய ரமழானை வடக்கு முஸ்லிம்கள் தம் சொந்த ஊர்ப் பள்ளிவாசல்களில் கழித்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் கிளிநொச்சி உட்பட வடக்கு மாவட்டங்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1991 மார்ச்சில் வந்த ரமழானைப் பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நோற்றார்கள். வீடு இல்லை, வயல் இல்லை, நோன்பு இருந்தது. 2023 மார்ச்சில் பிறை ஒரு முழுச் சுற்றை முடித்து 1990இன் அதே பருவத்துக்கு வந்தது. அதற்குள் சிலர் ஊர் திரும்பியிருந்தனர், பலர் திரும்பவில்லை, திரும்பாமலே மௌத்தானவர்களும் உண்டு.

ஊரும் பருவமும் மாறினாலும் நோன்பாளியின் நிய்யத் மாறுவதில்லை. தக்வா என்பதை இங்கிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இந்த ரமழானில் ஒரு சிறு பயிற்சி. இப்தாருக்குப் பிறகு உங்கள் உம்மம்மாவிடம் கேளுங்கள்: "நீங்க பிடிச்ச முதல் நோன்பு மழையிலா, வெயிலிலா? எந்த ஊரில்?" அவர் சொல்வதை எழுதி வையுங்கள். உங்கள் முதல் நோன்பையும் அதன் கீழே எழுதுங்கள். அதே பருவத்தில் ரமழான் மீண்டும் வரும்போது உங்கள் பிள்ளைகள் அதை வாசிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.