முதுகு சொல்லும் செய்தி

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் அன்று பால்மரம் சீவியவர்கள், நிரம்பிய வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து சென்றனர். அத்தோட்டங்களில் பல இன்று இல்லை; அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகரங்களில் குடியேறிவிட்டன. ஆயினும், பிள்ளையின் முதுகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், “சுமை தூக்கித்தான் வளைந்துவிட்டது” என்று பெரியவர்கள் சிலர் கூறுவதுண்டு. அன்று வாளியின்மேல் விழுந்த பழி, இன்று புத்தகப்பையின்மேல் விழுகிறது.

கனமான பை முதுகுவலியைத் தரலாம். எனினும், ‘ஸ்கோலியோசிஸ்’ எனப்படும் முதுகெலும்புப் பக்கவளைவுக்கு அது காரணமன்று. பதின்ம வயதில் தோன்றும் இவ்வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குத் திட்டவட்டமான காரணம் கண்டறியப்படவில்லை. மரபுக்கும் இதில் பங்குண்டு. நூறு இளையோரில் இருவர் அல்லது மூவருக்கு இது ஏற்படுகிறது. சிறிய வளைவு இருபாலருக்கும் வரும். அது பெரிதாவது மாணவியரிடமே அதிகம்.

கோணலாக அமர்வதால் தோன்றும் சாய்வு, நிமிர்ந்தாலோ படுத்தாலோ மறைந்துவிடும். பக்கவளைவு அவ்வாறு மறையாது. இதில் முள்ளெலும்புகள் வளைவதோடு சுழலவும் செய்கின்றன. விலா எலும்புகளும் உடன் திரும்புகின்றன. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. தளர்ந்த பாஜு குரோங் சீருடையும் வளைவை மறைத்துவிடும். ஆகவே, வளைவு முற்றிய பின்னரே பல குடும்பங்கள் அதனை அறிகின்றன.

அடையாளங்களைக் கண்டறிவது கடினமன்று. ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியிருத்தல், இடுப்பு சமமின்றி இருத்தல், சட்டையின் ஓரம் ஒரு பக்கம் இறங்கியிருத்தல் ஆகியவை அவற்றுள் சில. கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல் முன்னோக்கிக் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், மருத்துவரை நாட வேண்டும். இந்த எளிய சோதனை, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஆடம்ஸின் பெயரால் வழங்குகிறது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டினால், தேவைக்கேற்ப எலும்பு மருத்துவரிடம் அனுப்புவர். ஊடுகதிர்ப் படத்தில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் அது ஸ்கோலியோசிஸ் ஆகும். சிறிய வளைவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்காணித்தாலே போதும். வளரும் பருவத்தில் 25 முதல் 40 பாகை வரை இருந்தால் முதுகுக்கவசம் அணியப் பரிந்துரைப்பர். ஏறத்தாழ 50 பாகையை எட்டினால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். உருவிவிடுவதால் எலும்பு நேராகிவிடாது. அதை நம்பிக் காத்திருந்தால் காலம்தான் வீணாகும்.

ஓட்டப்பந்தய வீரர் உசேன் போல்ட்டுக்கும் இவ்வளைவு உண்டு. எனவே, இது வெட்கப்படவோ ஒதுங்கவோ வேண்டிய ஒன்றன்று. ஆனால், முதுகுக்கவசம் பயன் தருவது எலும்பு வளரும் காலத்தில் மட்டுமே. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழி முதுகெலும்புக்கும் பொருந்தும். திருத்த வேண்டியதை வளரும்போதே திருத்த வேண்டும்.