படத்துக்குப் பெயர் வேண்டுமா?

கேள்வி: சாங்கி ஜுவல் அருவிப் படங்களை என் சுற்றுலா இணையதளத்தில் ஏற்றியும் கூகுள் தேடலில் வரவில்லையே, ஏன்?

பதில்: 'ஐஎம்ஜி_4471' என்று கேமரா வைத்த பெயரோடு ஏற்றினால், அது 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி என்று தேடுபொறிக்கு எப்படித் தெரியும்? 'ஜுவல்-சாங்கி-அருவி' எனச் சிறுகோடிட்டுப் பெயர் வையுங்கள். படத்தைப் பார்த்தே கணினி புரிந்துகொள்ளுமே என்பார்கள். உண்மைதான், கோப்புப் பெயர் சிறு குறிப்பு மட்டுமே என்று கூகுளே சொல்கிறது. ஆனால் அந்த அருவி உங்கள் பக்கத்தில் எதற்காக இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள எழுத்தாலும், படத்துக்கு நீங்கள் எழுதிச் சேர்க்கும் மாற்று உரையாலும் (alt text) மட்டுமே சொல்ல முடியும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதும் அந்த மாற்று உரையைத்தான். அதில் 'மலிவு டூர், சிறந்த டூர்' என்று திணிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பழைய படங்களின் பெயரை மாற்ற மெனக்கெட வேண்டாம். மாற்று உரையை இன்றே எழுதுங்கள்.