தண்டவாளத்தைச் சேர்க்கும் தீ

மாலை வகுப்பில் படிவம் 5 மாணவர்களுக்கு நான் இரசாயனம் சொல்லிக் கொடுக்கிறேன். "சார், தெர்மைட்னா வெடிமருந்தா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. காணொளியில் பார்த்துவிட்டு வருகிற கேள்வி இது. கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

தெர்மைட் என்பது இரண்டு பொடிகளின் கலவை. ஒன்று இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் இனம். மற்றொன்று அலுமினியம். வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இது வெடிப்பதில்லை, கடுமையாக எரியும்.

ஏன் எரிகிறது? உலோகங்களின் வினைத்திறன் வரிசையை நினைவுபடுத்திப் பாருங்க. அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. ஆக்சிஜன் மீது அதற்கு ஆசை அதிகம். அதனால் இரும்பிடம் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. அப்போது வெளியாகும் வெப்பம் ஏறத்தாழ 2,500 பாகை செல்சியசைத் தொடும். இரும்பு உருக 1,538 பாகையே போதும். ஆகவே உருகிய இரும்பு கீழே தங்குகிறது. இலேசான அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கிறது.

இந்த முறைக்கு 1895-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். 1899-இல் எஸ்ஸன் நகரில் டிராம் தண்டவாளங்களை இணைக்க இது பயன்பட்டது. இன்றும் இதன் முக்கிய வேலை அதுதான். கடைசி ரயில் போன பிறகு, பராமரிப்புக் குழு இரண்டு தண்டவாள முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றி அச்சுப் பொருத்தும். முனைகளைச் சூடாக்கும். மேலே உள்ள மூசையில் கலவை எரிந்து, உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும். பிறகு மிச்சத்தை வெட்டி, தேய்த்து, உள்ளே விரிசல் உண்டா என்று மீயொலியால் சோதிப்பார்கள். ரயில் 'தடக் தடக்' சத்தமில்லாமல் ஓடுவதற்கு இப்படிப்பட்ட இணைப்புகளும் ஒரு காரணம். இடிதாங்கியின் செம்புக் கம்பிகளை இணைக்கவும் இதே தத்துவம்தான். அங்கே செம்பு ஆக்சைடு சேர்க்கப்படும்.

ஆனால் இதே தீ அழிக்கவும் பயன்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது விழுந்த தீக்குண்டுகளில் தெர்மைட் இருந்தது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சாதாரணத் தீக்குக் காற்று வேணும், மூடினால் அணைந்துவிடும். தெர்மைட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. மூடினாலும் நிற்காது. தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை நாலாபுறமும் தெறிக்க வைக்கும். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாத வேலை இது. அதனால்தான் பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர்கள் மட்டுமே செய்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் செய்து பார்க்கும் விளையாட்டு இல்லை. ஆர்வம் இருந்தால் ரொம்ப நல்லது. தொழிற்கல்லூரியில் வெல்டிங், ரயில் பராமரிப்புத் துறைகளைப் பற்றி விசாரியுங்கள். கண்ணையும் கையையும் காப்பாற்றிக்கொண்டே நல்ல தொழிலும் கற்கலாம்.

சிந்திக்க:
1. அலுமினியத்துக்குப் பதில் செம்புப் பொடி போட்டால் இந்த வினை நடக்குமா? ஏன்?
2. கசடு ஏன் மேலே மிதக்கிறது?
3. இந்தத் தீயை மூடி அணைக்க முடியாதது ஏன்?