ஒரே எண், பல கைகள்

கணினி கற்கும் மாணவியர் முதலில் எழுதும் வரிகளுள் ஒன்று, ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பது. இதில் என்ன தவறு நேரும் என்று தோன்றலாம். அந்த எண்ணைப் பலர் ஒரே வேளையில் மாற்றும்போது தவறு நேர்கிறது.

ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் முன்பதிவுக் கணினிகள் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எந்த ஊரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்க வழி பிறந்தது.

ஒரு ரயிலில் 20 இடங்கள் மீதம் என வைத்துக்கொள்வோம். ஆவடியில் ஒருவரும் அம்பத்தூரில் ஒருவரும் ஒரே நொடியில் சீட்டுக் கேட்கின்றனர். கணினிக்குள் ஒவ்வொருவரின் வேலையையும் திரெட் எனப்படும் ஓர் இழை கவனிக்கிறது. ‘ஒன்றைக் கழி’ என்பதில் மூன்று படிகள் உண்டு: எண்ணைப் படித்தல், கழித்தல், திரும்ப எழுதுதல். இரண்டு இழைகளும் 20 என்று படித்து, 19 என்று எழுதிவிட்டால்? விற்றவை இரண்டு, குறைந்தது ஒன்று. 18 இருக்க வேண்டிய இடத்தில் 19 நிற்கும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. சீட்டு வாங்கிய ஒருவருக்கு மட்டும் இடம் இராது.

இதைத் தடுக்க மூன்று வழிகளைக் காண்போம்.

1. பூட்டு: ஒற்றை ரயில் பாதையில் டோக்கன் பெற்ற ரயில் மட்டுமே அடுத்த நிலையம் வரை செல்லும். அதுபோல, பூட்டைப் பெற்ற இழை மட்டுமே எண்ணைத் தொடும், மற்றவை காத்திருக்கும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் இத்தகைய ஏற்பாட்டுக்கு ரயில்வே கைகாட்டியின் பெயரான ‘செமஃபோர்’ என்பதையே சூட்டினார். இடம் உண்டா எனப் பார்த்து, கழித்து, பயணியின் பெயரையும் பதிவது போன்ற பல படி வேலைக்கு இதுவே ஏற்றது.

2. பிரிக்க முடியாத செயல்: மூன்று படிகளும் இடையே எவரும் நுழைய முடியாதபடி ஒரே செயலாக முடியும். ஜாவா மொழியில் 2004 முதல் ‘அட்டாமிக் இன்டிஜர்’ இதைத் தருகிறது. ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்ற இது எளிது, விரைவானது.

3. தனித்தனிக் கணக்கு: சுங்கச்சாவடியில் ஒவ்வொரு வழியிலும் தனியே வண்டிகளை எண்ணி, மாலையில் கூட்டுவது போன்றது. 2014-இல் ஜாவாவில் வந்த ‘லாங் ஆடர்’ இவ்வகை. ஓயாது எண்ணி, எப்போதாவது கூட்டுத்தொகை பார்ப்பதற்கு இது நன்று. கடைசி இருக்கை உண்டா என்று அந்த நொடியிலேயே அறிய இது உதவாது.

‘வாலடைல்’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும் எனச் சிலர் எண்ணுவர். அது புதிய மதிப்பைக் காட்டுமேயன்றி, மூன்று படிகளை ஒன்றாக்காது.

மாணவியரே, செய்து பாருங்கள்: ஒரே எண்ணை இரண்டு இழைகள் தலா 1,00,000 முறை கூட்டட்டும். பாதுகாப்பின்றி ஓட்டினால் விடை பெரும்பாலும் 2,00,000-க்குக் குறையும்; ஒவ்வொரு முறையும் வேறாகவும் வரும். பிறகு மேற்கூறிய வழிகளுள் ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். கணக்கு நேராகும்.