கனாஅத் யாருக்கு?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். வானம் பார்த்த கரிசல் பூமியான சிவகாசியில் அதன்பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களால் வருவாய் பெருகிற்று. மனநிறைவும் அவ்வளவு பெருகிற்றா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974-ல் தம் நாட்டைப் பற்றி இதையே ஆராய்ந்தார். எந்தக் காலத்திலும் ஏழையைவிடச் செல்வரே மகிழ்வாயிருப்பதாகக் கூறுகின்றனர். ஆயினும் ஆண்டுகள் செல்ல எல்லோர் வருமானமும் உயர்ந்தபோது மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை என்றார். (மறுப்போரும் உண்டு.) சைக்கிள் வாங்கியவர் கண் அடுத்த வீட்டு மோட்டார் சைக்கிளில் போய் நிற்கிறதல்லவா!

உலக வசதிகளில் நமக்கு மேலிருப்போரைப் பாராமல் கீழிருப்போரைப் பார்க்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தது இந்நோய் தீரவே. போதுமென்ற இம்மனமே கனாஅத்.

ஆனால் இதை நாம் அருந்தவேண்டுமே தவிர, கூலி கேட்பவர் வாயில் புகட்டலாகாது. வெடிமருந்து அடைக்கும் அறையில் உயிரைப் பணயம் வைப்பவரிடம், "இருப்பதே போதும்" என்று முதலாளி சொல்வது கனாஅத் அன்று; கஞ்சத்தனம். மழை பெய்து வேலை நின்றால் அவர் வீட்டில் அன்றைய கூலியும் நின்றுவிடும். அங்கே சிறிது வருமானம் கூடினாலும் நிம்மதி கூடும். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களே.