மண்டபம் கேட்டு மனு எழுதும் பிள்ளைகளுக்கு

திட்டமிடல் படித்துவிட்டு வந்த எங்கள் ராயபுரத்துப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள்: "ஐயா, சென்னையில் மாநாட்டு மையமெல்லாம் தெற்கேதானா? நம் வடசென்னைக்கு ஒன்று வேண்டாமா?" வேண்டும்தான். எஸ்டிமேட் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எத்தனை நாற்காலி என்று ஆரம்பிக்காதீர்கள். முட்டுக்காட்டுக்கு அறிவித்த கலைஞர் பன்னாட்டு அரங்கத் திட்டத்தில் 5,000 பேருக்கு மாநாட்டுக் கூடம், 10,000 பேருக்குக் கண்காட்சிக் கூடம். அதற்கு ஏறத்தாழ 38 ஏக்கர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நடந்து பாருங்கள். கடல், சாலை, தண்டவாளம். மிச்சமிருப்பதில் பாதி துறைமுகமும் ரயில்வேயும் கம்பெனிகளும் வைத்திருக்கும் இடம். நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் கைக்கு வரும்வரை வரைபடத்துக்குப் பென்சில் சீவ வேண்டாம்.

2. சம்மதம் இல்லாத எஸ்டிமேட் குட்டி போடும். துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு ₹1,655 கோடி. கூவம் ஆற்றுக்குள் தூண் நிற்கலாமா என்ற சண்டையில் 2012-இல் வேலை நின்றது. 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். இந்த முறை ₹5,800 கோடியைத் தொட்டது. இரண்டடுக்குச் சாலையாக மாறியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் பத்து வருஷத்து விலையேற்றத்தை யார் தலையில் எழுதுவது?

3. கட்டுகிற பணத்தைவிட நடத்துகிற பணம் பெரிது. இதில் நானே தப்புச் செய்தவன். ஒரு சமுதாயக்கூடத்துக்கு நான் எழுதிய எஸ்டிமேட்டில் ஜெனரேட்டர் இருந்தது, டீசலுக்குத் தலைப்பே இல்லை. கல்யாண வீட்டாரே கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினார்கள். சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பாருங்கள். 1880-களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் நன்கொடை திரட்டி, கட்டடக் கலைஞர் சிஷோம் வரைய, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி கட்டினார். கட்டக் காசு கிடைத்தது. பின்னாளில் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, மாநகராட்சி ₹32 கோடிக்கு மேல் ஒதுக்கிப் பழுது பார்க்கும்படி ஆனது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கோ, மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் பங்குபோட்ட தனி நிறுவனம் இருக்கிறது. வாடகை வாங்க ஒரு கை, ஒழுகினால் பார்க்க ஒரு கை. மனுவில் அப்படி ஒரு கையைக் காட்டுங்கள்.

4. மெட்ரோவை விட்டு விலகாதீர்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்துவிட்டது. விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் திருவொற்றியூரில் இறங்கலாம். கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிய காரில் வருகிற விருந்தாளி அடுத்த வருஷம் வரமாட்டார்.

5. வெளியேறும் வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் வீடுகளுக்குள் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூடத்துக்குள் 1,500 பேர் இருக்கும்போது அப்படி ஆனால் எந்தக் கதவு, எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கம்? இதற்குப் பதில் எழுதாத திட்ட அறிக்கையை நான் கையால் தொடமாட்டேன்.

6. கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்.

7. சின்னதாகக் கேளுங்கள். 1,500 பேருக்கு ஒரு கூடம், மீன் ஏற்றுமதிக்காரரும் கப்பல் சரக்குக்காரரும் கடை விரிக்க ஒரு கொட்டகை. இந்த ஊருக்கு என் கணக்கு அவ்வளவுதான்.

மனுவை எழுதிக்கொண்டு வாருங்கள். நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சிவப்பு மைப் பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.